வைரஸ் விழிக்கும் முன் விரட்டுங்கள்: சேப் மோட் பயன்படுத்துவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே நடக்கும். பிறகு ஒரு நாள், பிரவுசரைத் திறந்தால் நீங்கள் கேட்காத தளம் ஒன்று முதல் பக்கமாக வந்து நிற்கும். திரையின் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 37 வைரஸ்கள் உள்ளன, உடனே பணம் கட்டுங்கள்" என்று ஒரு கட்டம் எட்டிப் பார்க்கும். பென் டிரைவைச் செருகினால் உள்ளே இருந்த போல்டர்கள் எல்லாம் ஷார்ட் கட்டாக மாறியிருக்கும். ஆண்ட்டி வைரஸ் புரோகிராமை இயக்கினால் அது திறந்த வேகத்திலேயே மூடிக் கொள்ளும்.

கடைக்கு எடுத்துச் சென்றால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "பார்மட் பண்ணிடலாம் சார்." பார்மட் செய்தால் வைரஸ் போகும் என்பது உண்மைதான். ஆனால் அதனுடன் திருமண போட்டோக்கள், பையனின் கல்லூரி புராஜெக்ட், கடைக் கணக்கு, வருமான வரிக்கான ஸ்கேன் பைல்கள் எல்லாமே போய்விடலாம். அந்தக் கடைசி முடிவுக்குப் போகும் முன், நீங்களே வீட்டில் செய்து பார்க்கக் கூடிய, செலவில்லாத வழி ஒன்று விண்டோஸ் இயக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் சேப் மோட். அது எப்படி வேலை செய்கிறது, எப்படி நுழைவது, உள்ளே போய் என்ன செய்வது, எங்கே அது உதவாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

சாதாரணமாக ஏன் அழிக்க முடிவதில்லை?

முதலில் ஓர் அடிப்படை விஷயம். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பைலாகச் சும்மா படுத்திருக்கும் வைரஸ் எந்தத் தீங்கும் செய்வதில்லை. அது மெமரிக்கு வந்து இயங்கத் தொடங்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது. ஆகவே வைரஸ் எழுதுபவர்களின் முதல் அக்கறை, கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தங்கள் புரோகிராமும் தானாகவே தொடங்க வேண்டும் என்பதுதான். இதற்கு அவர்கள் விண்டோஸ் நமக்காகத் தந்திருக்கும் வசதிகளையே பயன்படுத்திக் கொள்கிறார்கள். ஸ்டார்ட் அப் போல்டர், ரெஜிஸ்ட்ரியில் உள்ள "ரன்" என்னும் பகுதி, சர்வீஸ்களின் பட்டியல், டாஸ்க் ஷெட்யூலர் ஆகியவை இவர்கள் வழக்கமாகக் குடியேறும் இடங்கள்.

இப்படி இயங்கிக் கொண்டிருக்கும் புரோகிராமின் பைலை நீங்கள் அழிக்கப் போனால், "இந்த பைல் வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது" என்று சொல்லி விண்டோஸ் மறுத்துவிடும். ஓடிக் கொண்டிருக்கும் புரோகிராமின் பைலைப் பாதுகாப்பது விண்டோஸின் நல்ல குணம். வைரஸ் அதையே கேடயமாக்கிக் கொள்கிறது. சில மால்வேர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் இரண்டு புரோகிராம்களாக இயங்கும். டாஸ்க் மானேஜரில் ஒன்றை நிறுத்தினால் மற்றது அதை மீண்டும் எழுப்பிவிடும். இன்னும் சில, ஆண்ட்டி வைரஸ் புரோகிராம்களின் பெயர்களைப் பட்டியலாக வைத்துக் கொண்டு, அவற்றில் ஏதாவது தொடங்கினால் உடனே மூடிவிடும்.

எனவே, வைரஸ் எழுந்திருக்காத நிலையில் விண்டோஸ் மட்டும் எழுந்திருக்க வேண்டும். அந்த நிலைக்குப் பெயர்தான் சேப் மோட்.

சேப் மோட் என்றால் என்ன?

விண்டோஸ் 95 காலத்திலேயே வந்துவிட்ட வசதி இது. இதை வைரஸுக்காக உருவாக்கவில்லை. தவறான டிரைவர் புரோகிராம் ஒன்றை இன்ஸ்டால் செய்ததால் விண்டோஸ் தொடங்காமல் தவித்தால், மிகக் குறைந்த பொருட்களுடன் அதைத் தொடங்கி, தவறைச் சரி செய்வதற்காகத் தரப்பட்டது. வைரஸ் பிடிக்கவும் அது உதவுகிறது என்பது நமக்குக் கிடைத்த கூடுதல் லாபம்.

சேப் மோடில் எந்த டிரைவர்களும் எந்த சர்வீஸ்களும் தொடங்கலாம் என்பதற்கு ரெஜிஸ்ட்ரியில் "சேப்பூட்" என்ற பெயரில் ஒரு பட்டியல் இருக்கிறது. திருமண மண்டப வாசலில் அழைப்பிதழ் பார்த்து உள்ளே விடுவது போல, அந்தப் பட்டியலில் பெயர் உள்ளவை மட்டுமே உள்ளே வரும். கீ போர்ட், மவுஸ், டிஸ்க், சாதாரண டிஸ்பிளே ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. ஸ்டார்ட் அப் போல்டரில் உள்ளவை, ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதியில் உள்ளவை ஆகியவற்றை விண்டோஸ் கண்டு கொள்ளாது. வைரஸின் பைல் டிஸ்க்கில் இருக்கும். ஆனால் அதை எழுப்புவார் யாரும் இருக்க மாட்டார்கள். தூங்குகிற திருடனைக் கட்டிப் போடுவது எளிதல்லவா?

சேப் மோடில் மூன்று வகைகள் உண்டு.

1. சேப் மோட்: இன்டர்நெட் தொடர்பு இருக்காது. வைரஸ் நீக்க இதுவே நல்லது.

2. சேப் மோட் வித் நெட்வொர்க்கிங்: இன்டர்நெட் தொடர்புடன் கிடைக்கும். வைரஸ் நீக்கும் புரோகிராமை டவுன்லோட் செய்ய வேறு கம்ப்யூட்டரே இல்லை என்றால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். சில லேப்டாப்களில் வை-பை கிடைக்காமல் போகலாம். கேபிள் இணைப்பு இருந்தால் உறுதி.

3. சேப் மோட் வித் கமாண்ட் பிராம்ப்ட்: டெஸ்க்டாப் வராது. கட்டளைகளை டைப் செய்யும் கறுப்புக் கட்டம் மட்டும் வரும். புதியவர்களுக்கு இது தேவைப்படாது.

தொடங்கும் முன் ஐந்து வேலைகள்

பலர் இந்த இடத்தில் அவசரப்பட்டு நேரே உள்ளே போய்விடுகிறார்கள். பாதி வழியில் பாஸ்வேர்ட் தெரியாமல் நிற்பதைவிட, பத்து நிமிடம் செலவழித்துத் தயாராவது நல்லது.

1. இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். மோடத்தை ஆப் செய்தாலே போதும். உங்கள் தகவல்களை வெளியே அனுப்பிக் கொண்டிருக்கும் மால்வேராக இருந்தால் அதன் வாய் அடைபடும்.

2. முக்கியமான போட்டோக்களையும் டாக்குமெண்ட்களையும் ஒரு பென் டிரைவ் அல்லது வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். போட்டோ, வீடியோ, பி.டி.எப். போன்றவற்றை மட்டும் எடுங்கள். புரோகிராம் பைல்களை எடுக்க வேண்டாம். அந்த டிரைவ் மீது "சோதிக்கவில்லை" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். சுத்தம் செய்து முடிக்கும் வரை அதை வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகக் கூடாது.

3. நண்பர் வீட்டில் உள்ள நல்ல கம்ப்யூட்டரில், மைக்ரோசாப்ட் தளத்தில் இருந்து "மைக்ரோசாப்ட் சேப்டி ஸ்கேனர்" என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து, வேறொரு பென் டிரைவில் எடுத்து வாருங்கள். இதை இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, அப்படியே இயக்கலாம். டவுன்லோட் செய்த 10 நாட்களில் இது காலாவதியாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். போன வருடம் எடுத்து வைத்ததை இன்று பயன்படுத்த முடியாது.

4. விண்டோஸில் நுழைய நான்கு எண் பின் மட்டும் பயன்படுத்துபவரா நீங்கள்? விண்டோஸ் 10ன் பழைய பதிப்புகளில் சேப் மோடில் பின் ஏற்கப்படாது. 2020ல் வந்த பதிப்பில்தான் அதற்கு வழி செய்யப்பட்டது. எப்படியானாலும் உங்கள் அக்கவுண்ட்டின் முழு பாஸ்வேர்டையும் தாளில் எழுதிக் கையில் வைத்துக் கொள்ளுங்கள்.

5. இப்போது வரும் லேப்டாப்களில் பலவற்றில், டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டே வருகிறது. சேப் மோடுக்குச் செல்லும் வழியில் 48 இலக்க ரெகவரி கீ ஒன்றைத் திரை கேட்கலாம். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் விண்டோஸை அமைத்திருந்தால் வழக்கமாக அந்தக் கீ உங்கள் அக்கவுண்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். மொபைல் போனில் அந்த அக்கவுண்ட்டைத் திறந்து எண்ணை முன்பே குறித்துக் கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையின் பக்கங்களையும் பக்கத்தில் திறந்து வைத்துக் கொள்ளுங்கள். சேப் மோடுக்குள் போன பிறகு இன்டர்நெட்டில் தேடிப் படிக்க முடியாதல்லவா?

உள்ளே நுழைவது எப்படி?

பழைய ஆட்களைக் கேட்டால், "கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எப்8 கீயைத் தட்டிக்கொண்டே இரு" என்பார்கள். விண்டோஸ் 7 வரை அது சரி. 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது பூட் ஆகும் வேகம் மிகவும் கூடிவிட்டது. எப்8 கீயை அழுத்தக் கிடைக்கும் நேரம் 200 மில்லி செகண்டுக்கும் குறைவு என்று மைக்ரோசாப்ட் பொறியாளர்களே அப்போது எழுதினார்கள். அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. எனவே அந்த வழி வழக்கத்தில் இருந்து நீக்கப்பட்டது. விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்கள் கீழ்க்கண்டவாறு செய்திடவும்.

1. ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து, பவர் ஐகானைக் கிளிக் செய்திடவும்.

2. கீ போர்டில் ஷிப்ட் கீயை அழுத்திப் பிடித்தவாறே "ரீஸ்டார்ட்" என்பதில் கிளிக் செய்திடவும். அடுத்த திரை வரும் வரை ஷிப்ட் கீயை விட வேண்டாம். பாஸ்வேர்ட் கேட்கும் திரையில் உள்ள பவர் ஐகானிலும் இதைச் செய்யலாம்.

3. நீல நிறத்தில் "சூஸ் அன் ஆப்ஷன்" என்ற திரை கிடைக்கும். அதில் "டிரபிள்ஷூட்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

4. அடுத்து "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", அதற்குள் "ஸ்டார்ட் அப் செட்டிங்ஸ்". இது தெரியவில்லை என்றால் "மேலும் காட்டு" என்ற பொருளில் கீழே உள்ள இணைப்பைக் கிளிக் செய்து பாருங்கள்.

5. "ரீஸ்டார்ட்" பட்டனை அழுத்தவும். கம்ப்யூட்டர் மீண்டும் தொடங்கி, எண்ணிட்ட பட்டியல் ஒன்றைக் காட்டும். சாதாரண சேப் மோடுக்கு 4, நெட்வொர்க்கிங் உடன் வேண்டுமானால் 5, கமாண்ட் பிராம்ப்ட் வேண்டுமானால் 6.

டெஸ்க்டாப் கறுப்புப் பின்னணியில், நான்கு மூலைகளிலும் "சேப் மோட்" என்ற எழுத்துகளுடன் வந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். ஐகான்கள் பெரிதாக, திரை சற்றுக் கரடுமுரடாகத் தெரியலாம். சத்தம் வராது. பயப்பட வேண்டாம். டிஸ்பிளேக்கான சிறப்பு டிரைவரும் ஆடியோ டிரைவரும் உள்ளே வரவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் முழுமையாகத் தொடங்கவே இல்லை என்றால் ஷிப்ட் கீ வழி உதவாது. அப்போது விண்டோஸ் சின்னம் தோன்றியதும் பவர் பட்டனைப் பத்து நொடிகள் அழுத்திப் பிடித்து ஆப் செய்திடவும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால், ஏதோ கோளாறு என்று உணர்ந்து விண்டோஸ் தானாகவே பழுது பார்க்கும் திரைக்குப் போகும். அங்கிருந்து மேலே சொன்ன மூன்றாவது படிக்குச் செல்லலாம். இது அவசரத்திற்கு மட்டுமே. விளையாட்டாகச் செய்து பார்க்க வேண்டாம்.

"சிஸ்டம் கான்பிகரேஷன்" என்ற புரோகிராமில் பூட் என்னும் டேபுக்குச் சென்று "சேப் பூட்" என்பதில் டிக் அடித்தும் வரலாம் என்று சிலர் சொல்வார்கள். புதியவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. அந்த டிக்கை நீங்களே எடுக்கும் வரை கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் சேப் மோடிலேயே தொடங்கும். பாஸ்வேர்டும் மறந்துவிட்டால், பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டு வெளியே நிற்பது போலாகிவிடும்.

உள்ளே போனதும் என்ன செய்வது?

1. முதலில் பென் டிரைவில் கொண்டு வந்த சேப்டி ஸ்கேனரை டெஸ்க்டாப்பில் காப்பி செய்து இயக்குங்கள். "குயிக் ஸ்கேன்" சில நிமிடங்களில் முடியும். ஆனால் இவ்வளவு தூரம் வந்தபிறகு "புல் ஸ்கேன்" செய்வதே சரி. ஹார்ட் டிஸ்க்கின் அளவைப் பொறுத்துப் பல மணி நேரம் ஆகலாம். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு வேறு வேலை பாருங்கள். ஸ்கேன் ஓடும்போது "இத்தனை பைல்கள் பாதிப்பு" என்று வரும் எண்ணிக்கையைக் கண்டு கலங்க வேண்டாம். அது முதல் சந்தேகப் பட்டியல் மட்டுமே. முடிவில் வரும் அறிக்கைதான் உறுதியானது.

2. ஸ்கேன் முடிந்ததும், தற்காலிக பைல்கள் உள்ள டெம்ப் போல்டரைக் காலி செய்யுங்கள். ஸ்டார்ட் மெனுவில் "டிஸ்க் கிளீன் அப்" என்று தேடி, சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, தற்காலிக பைல்கள் என்பதில் டிக் அடித்தால் போதும். பல மால்வேர்கள் முதலில் வந்து இறங்கும் இடம் இதுதான்.

3. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மானேஜரைத் திறந்து, "ஸ்டார்ட் அப்" பகுதிக்குச் செல்லுங்கள். கம்ப்யூட்டருடன் சேர்ந்து தொடங்கும் புரோகிராம்களின் பட்டியல் அங்கே இருக்கும். நிறுவனப் பெயரே இல்லாமல், எழுத்துகளை அள்ளித் தெளித்தது போன்ற பெயருடன் ஏதாவது இருந்தால் அதன் மீது ரைட் கிளிக் செய்து "டிஸ்ஏபிள்" கொடுங்கள். இது அழிப்பதில்லை, தொடங்க விடாமல் தடுக்கிறது. தவறாக வேறொன்றைத் தடுத்திருந்தாலும் பிறகு மாற்றிக் கொள்ளலாம். தெரியாத எதையும் அழிக்காதீர்கள். முதலில் தடுங்கள், விசாரித்துவிட்டுப் பிறகு அழியுங்கள்.

4. கம்ப்யூட்டரை வழக்கம் போல ரீஸ்டார்ட் செய்திடவும். சாதாரண நிலைக்குத் திரும்பிவிடும்.

5. சந்தேகமான டூல் பார், "கம்ப்யூட்டர் வேகம் கூட்டும்" புரோகிராம் போன்றவற்றை அன் இன்ஸ்டால் செய்யும் வேலையை இந்தச் சாதாரண நிலையில் செய்யுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் சேப் மோடில் இயங்காது என்பதால் பல புரோகிராம்களை அங்கே நீக்க முடியாது. "சேப் மோடில் அன் இன்ஸ்டால் ஆகவில்லை, வைரஸ் தடுக்கிறது" என்று பலர் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

6. கடைசியாக, உங்கள் ஆண்ட்டி வைரஸ் புரோகிராமை அப்டேட் செய்து மீண்டும் ஒரு முறை முழு ஸ்கேன் செய்திடவும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஷார்ட் கட் வைரஸ்

நம் ஊரில் அதிகம் பேரைத் தொல்லைப்படுத்தியது இந்த வகைதான். ஜெராக்ஸ் கடையிலோ பிரவுசிங் சென்டரிலோ பிரிண்ட் எடுக்கப் பென் டிரைவைக் கொடுத்து வாங்கினால் கூடவே வந்துவிடும். ஜென்க்ஸ்கஸ் என்ற மால்வேர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விஷுவல் பேசிக் ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட இது, பென் டிரைவில் உள்ள உண்மையான பைல்களை மறைத்துவிட்டு அதே பெயர்களில் ஷார்ட் கட்டுகளை வைக்கும். 2014 ஜூனில் மைக்ரோசாப்ட் நிறுவனம் நீதிமன்ற உத்தரவு பெற்று இதன் மீதும் இதன் கூட்டாளியான பிளாடாபிண்டி மீதும் நடவடிக்கை எடுத்தது என்றால் பரவலைப் புரிந்து கொள்ளலாம்.

ஷார்ட் கட்டில் நீங்கள் டபுள் கிளிக் செய்தால் இரண்டு வேலைகள் நடக்கும். வைரஸ் ஸ்கிரிப்ட் இயங்கும்; கூடவே உங்கள் போல்டரும் திறக்கும். போல்டர் திறந்துவிட்டதால் உங்களுக்குச் சந்தேகம் வராது. அதற்குள் அது உங்கள் கம்ப்யூட்டரின் ஸ்டார்ட் அப் போல்டரில் ஒரு நகலை வைத்துவிடும். அடுத்து எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் அதற்கும் தொற்றும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இதில் சிக்கினார். "தம்பி, பேத்தி காது குத்து போட்டோ மொத்தமும் அந்தப் பென் டிரைவில்தான் இருக்கு. எல்லாம் அம்புக்குறி போட்டு நிக்குது. கடையில பார்மட் பண்ணணும்னுட்டாங்க" என்றார். "பதறாதீங்க சார், டிரைவில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்குன்னு மட்டும் பாருங்க" என்றேன். 32 ஜிபி பென் டிரைவில் 21 ஜிபி நிரம்பியிருந்தது. ஷார்ட் கட்டுகளின் அளவு சில கேபி தான். அப்படியானால் மீதி எங்கே? போட்டோக்கள் அழியவில்லை, மறைந்திருந்தன. நீங்களும் முதலில் பார்க்க வேண்டியது இந்த அளவைத்தான். அதன் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதை நீக்கும் முறை இதுதான்.

1. பென் டிரைவை எடுத்துவிட்டு, சேப் மோடில் நுழையவும். வைரஸின் ஸ்கிரிப்ட் இங்கே தானாகத் தொடங்காது.

2. மேலே சொன்னபடி ஸ்கேன் செய்யவும். ஸ்டார்ட் அப் போல்டரில் விபிஎஸ் என்று முடியும் பைல் இருந்தால் நீக்கவும்.

3. பைல் எக்ஸ்புளோரரில் "வியூ" மெனுவில், மறைந்துள்ளவற்றைக் காட்டும் "ஹிடன் ஐட்டம்ஸ்", பைலின் முழுப் பெயரைக் காட்டும் "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" ஆகிய இரண்டையும் இயக்கவும். பிறகு "ஆப்ஷன்ஸ்" கட்டத்தில் "வியூ" டேபில், சிஸ்டம் பைல்களை மறைக்கும் வரியில் உள்ள டிக்கை எடுக்கவும். எச்சரிக்கை வரும், ஆம் என்று கொடுக்கலாம்.

4. இப்போது பென் டிரைவைச் செருகவும். ஷார்ட் கட்டுகளுக்குப் பக்கத்தில் உங்கள் உண்மையான போல்டர்கள் மங்கலான நிறத்தில் தெரியும். சில சமயம் பெயரே இல்லாத ஒரு போல்டருக்குள் எல்லாவற்றையும் திணித்து வைத்திருக்கும். அதையும் திறந்து பாருங்கள். அம்புக்குறி உள்ள எதையும் தொட வேண்டாம்.

5. மங்கலாகத் தெரியும் போல்டர்களுக்குள் உள்ள போட்டோ, டாக்குமெண்ட் பைல்களை மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் புதிய போல்டர் ஒன்றில் காப்பி செய்யவும். விபிஎஸ், இஎக்ஸ்இ என முடிபவற்றைக் காப்பி செய்ய வேண்டாம்.

6. எல்லாம் வந்துவிட்டதா என்று நான்கைந்து போட்டோக்களைத் திறந்து பார்த்தபின், பென் டிரைவை மட்டும் பார்மட் செய்யவும். மூன்றாவது படியில் எடுத்த டிக்கை மீண்டும் போட்டுவிடவும்.

ஆசிரியருக்கு 21 ஜிபியும் கிடைத்தது. பார்மட் செய்ய வேண்டியிருந்தது பென் டிரைவை மட்டும்தான். அதுவும் எல்லாம் காப்பி ஆன பிறகுதான்.

இன்னும் எளிதான வழி: ஆப்லைன் ஸ்கேன்

மேலே சொன்னதெல்லாம் கடினமாகத் தோன்றினால், விண்டோஸ் 10, 11ல் இன்னொரு வசதி இருக்கிறது. "விண்டோஸ் செக்யூரிட்டி" புரோகிராமைத் திறந்து, "வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்" என்பதற்குள் "ஸ்கேன் ஆப்ஷன்ஸ்" செல்லுங்கள். அதில் "மைக்ரோசாப்ட் டிபெண்டர் ஆப்லைன் ஸ்கேன்" என்பதைத் தேர்ந்தெடுத்து "ஸ்கேன் நவ்" கிளிக் செய்திடவும். திறந்துள்ள பைல்களை முன்பே சேவ் செய்துவிடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் தொடங்காமலேயே, தனியான ஒரு சிறிய இயக்கத்தில் ஸ்கேன் நடக்கும். ஏறத்தாழ 15 நிமிடங்களில் முடிந்து தானாகவே விண்டோஸுக்குத் திரும்பும். கண்டுபிடித்தவற்றின் விவரம் "புரொடெக்ஷன் ஹிஸ்டரி" பகுதியில் இருக்கும்.

சேப் மோடில் விண்டோஸின் ஒரு பகுதியாவது இயங்குகிறது. இந்த ஆப்லைன் முறையில் உங்கள் விண்டோஸ் முழுவதுமே தூங்குகிறது. ஆகவே விண்டோஸின் அடி ஆழத்தில் ஒளிந்து கொள்ளும் ரூட்கிட் வகை மால்வேர்களைப் பிடிக்க இதுவே சிறந்தது. முதலில் இதைச் செய்து பாருங்கள்; போகவில்லை என்றால் சேப் மோடுக்குப் போங்கள்.

சேப் மோட் தோற்கும் இடங்கள்

சேப் மோட் சர்வரோக நிவாரணி அல்ல. வைரஸ் எழுதுபவர்களுக்கும் இந்த வசதி தெரியும்.

ரெஜிஸ்ட்ரியில் அழைப்புப் பட்டியல் ஒன்று இருக்கிறது என்றோம் அல்லவா? சாலிட்டி என்ற வைரஸ் அந்த சேப்பூட் பட்டியலையே அழித்துவிடும். பிறகு சேப் மோடுக்குப் போனால் நீலத் திரையுடன் கம்ப்யூட்டர் நின்றுவிடும். 2008 நவம்பரில் தோன்றி உலகையே ஆட்டிய கான்பிக்கர் வைரஸின் பின்னால் வந்த வடிவமும் இதே வேலையைச் செய்தது. சேப் மோடுக்குள் போகவே முடியவில்லை என்றால் இதை நினைத்துக் கொண்டு, ஆப்லைன் ஸ்கேன் செய்யுங்கள்.

இன்னும் விசித்திரமானது ஸ்நாட்ச் என்ற ரான்சம்வேர். சோபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019 டிசம்பரில் இதைப் பற்றி விரிவாக எழுதியது. இது தன்னை சேப் மோடிலும் தொடங்கக் கூடிய சர்வீஸாகப் பதிந்து கொண்டு, கம்ப்யூட்டரைத் தானே சேப் மோடில் ரீஸ்டார்ட் செய்யும். பெரும்பாலான ஆண்ட்டி வைரஸ் புரோகிராம்கள் சேப் மோடில் இயங்குவதில்லை. காவலர் இல்லாத அந்த நேரத்தில் பைல்களை எல்லாம் பூட்டிவிடும். நீங்கள் கேட்காமலேயே கம்ப்யூட்டர் சேப் மோடில் தொடங்கினால், உடனே பவரை ஆப் செய்துவிட்டு விஷயம் தெரிந்தவரை அழையுங்கள்.

ரான்சம்வேர் ஏற்கெனவே பூட்டிவிட்ட பைல்களைச் சேப் மோட் திறந்து தராது. வைரஸை நீக்கலாம், பூட்டு அப்படியே இருக்கும். அதற்கு நம்பகமான மருந்து முன்பே எடுத்து வைத்த பேக்கப்தான்.

அதே நேரம், வைரஸ் இல்லாத ஆபத்திலும் சேப் மோட் கை கொடுத்திருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய தவறான அப்டேட்டால், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. விமான நிலையங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் என எங்கும் பாதிப்பு. அப்போது சொல்லப்பட்ட தீர்வு என்ன தெரியுமா? சேப் மோடில் தொடங்கி, அந்த ஒரு பைலை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. 1995ல் வந்த எளிய வசதி 2024லும் உலகத்தின் கம்ப்யூட்டர்களைத் தூக்கி நிறுத்த உதவியது.

எல்லாம் செய்தும் போகவில்லை என்றால்?

அதே நீலத் திரையில் "டிரபிள்ஷூட்" பகுதியில் "ரீசெட் திஸ் பிசி" இருக்கிறது. அதில் "கீப் மை பைல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் இன்ஸ்டால் செய்த புரோகிராம்கள் நீக்கப்பட்டு விண்டோஸ் புதிதாக அமைக்கப்படும். உங்கள் சொந்த பைல்கள் அப்படியே இருக்கும். "கிளவுட் டவுன்லோட்" என்ற வழியில் விண்டோஸை மைக்ரோசாப்டில் இருந்தே புதிதாக இறக்கிக் கொள்ளலாம்; 4 ஜிபிக்கு மேல் டேட்டா செலவாகலாம். பைல்கள் இருக்கும் என்றாலும் பேக்கப் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். முழு பார்மட் என்பது இதற்கும் பிறகு வரும் கடைசிப் படி.

சுத்தம் செய்த பின் மறக்கக் கூடாதவை

வைரஸ் போய்விட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். அது இருந்த நாட்களில் நீங்கள் டைப் செய்த பாஸ்வேர்ட்கள் வெளியே போயிருக்கலாம். சுத்தமான வேறொரு கம்ப்யூட்டர் அல்லது மொபைல் போனில் இருந்து முதலில் இமெயில் பாஸ்வேர்டையும், அடுத்து வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இமெயிலை முதலில் மாற்றுவதற்குக் காரணம் உண்டு. மற்ற பல கணக்குகளின் பாஸ்வேர்டையும் இமெயில் வழியாக மாற்ற முடியும்.

வங்கிக் கணக்கில் இருந்து பணம் போயிருப்பது தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வங்கிக்குச் சொல்லிவிட்டு, 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு அதிகம். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய "சைபர் ஸ்வச்சதா கேந்திரா" மூலமாகவும் மால்வேர் நீக்கும் இலவச புரோகிராம்கள் தரப்படுகின்றன.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11க்கு ஏற்றதாக இருந்தால் மாற்றிக் கொள்ளுங்கள். சாவி போட முடியாத கதவை எத்தனை முறை கழுவினாலும் திருடன் வரத்தான் செய்வான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தீயணைக்கும் கருவியைத் தீப்பிடித்த பின் படித்துப் பார்ப்பவர் யாரும் இல்லை. உங்கள் கம்ப்யூட்டர் நல்ல நிலையில் இருக்கும்போதே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு ரீஸ்டார்ட் செய்து, சேப் மோடுக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பாஸ்வேர்ட் வேலை செய்கிறதா, பிட்லாக்கர் கீ கேட்கிறதா, ஸ்டார்ட் அப் பட்டியலில் வழக்கமாக என்னென்ன இருக்கின்றன என்பதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு என்றாவது அந்தப் பட்டியலில் புதிய பெயர் ஒன்று முளைத்தால், அது யார் என்று உங்களுக்கு உடனே சந்தேகம் வரும்.

சந்தேகம் வந்துவிட்டால் பாதி வைரஸ் ஒழிந்த மாதிரிதான்.